நேரம் யாரிடம் வாங்குகிறோம், யாருக்குக் கொடுக்கிறோம்?

செட்டியார் தெரு, ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கங்களில் கடை கடையாக ஏறி கமராவும் ரவுட்டரும் பில் மெஷினும் பொருத்தும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

ஜிந்துப்பிட்டியிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பலரை முகம் தெரியும். ஏணியும் வயர் சுருளுமாக இந்தச் சந்துகளில் போய்வருகிறவர்கள். உங்கள் வேலையில் ஒரு சுத்தம் இருக்கிறது. கேபிள் சுவரோடு ஒட்டி ஓடுகிறது, கமரா பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்கிறது, முதலாளியின் போனில் படம் வருகிறது. அதற்குமேல் அவரும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. யாரும் கேட்காத ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல். நீங்கள் பொருத்தும் பெட்டி நேரத்தை யாரிடம் வாங்குகிறது, யாருக்குக் கொடுக்கிறது, யாரைத் தனக்குச் சமமாக நம்புகிறது?

இவை மூன்றும் மூன்று வேறு உறவுகள். வாங்குவதற்கு ஒரு அனுமதி, கொடுப்பதற்கு ஒரு அனுமதி, சமமாக நின்று ஒருவர் நேரத்தை மற்றவர் திருத்துவதற்கு இன்னொரு அனுமதி. மூன்றையும் தனித்தனியாக யோசிக்காமல், பெட்டி வந்தபடியே விட்டுவிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். அதனால் கடைக்காரருக்கும் நட்டம், உலகத்தின் வேறொரு மூலையில் முன்பின் தெரியாத ஒருவருக்கும் நட்டம்.

முதலில் கடைக்குள்ளேயே பார்ப்போம். நகைக்கடைக் கவுண்டர் ஒன்றில் எத்தனை மணிக்கூடு இருக்கிறது? சுவரில் தொங்குவதை விடுங்கள். பில் அடிக்கும் கொம்பியூட்டருக்குள் ஒன்று, வங்கி கொடுத்த கார்ட் மெஷினுக்குள் ஒன்று, கமராப் பெட்டிக்குள் ஒன்று. ஒரு விற்பனையை எடுத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்லில் 4.12, கார்ட் சிலிப்பில் 4.14, கமராப் படத்தின் மூலையில் 4.43 என்று நிற்கும். எல்லாம் நன்றாகப் போகும்வரை இது யார் கண்ணிலும் படாது. வளையல் ஒன்று குறைகிறது என்று ஒருநாள் சத்தம் கிளம்பினால், பில்லின் நேரத்தைப் பிடித்துக்கொண்டு கமராவில் தேடுகிறவர் அரைமணித்தியாலம் தள்ளி வேறொருவரின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் படத்தில் கவுண்டரில் நிற்கும் வேலைப் பிள்ளையின் தலையில் பழி விழும்.

பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போனால் கதை இன்னும் இறுகும். இயந்திரப் பதிவுகளையும் கொம்பியூட்டர் தரும் ஆவணங்களையும் சாட்சியமாக ஏற்க வழி செய்தது 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம். கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்ற கேள்வியும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தன் நேரத்தையே பிழையாகச் சொல்லும் பெட்டியை வைத்துக்கொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது?

பெட்டியின் நேரம் பிழைப்பதற்கு நம் ஊரில் இரண்டு காரணங்கள் முன்னுக்கு நிற்கின்றன. முதலாவது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருளானது. கமராப் பெட்டிக்குள் இருக்கும் காசு அளவு பற்றரி செத்துப்போயிருந்தால், கரண்ட் திரும்ப வந்ததும் பெட்டி 1970இலோ 2000இலோ கண் விழிக்கும். அங்கிருந்து இன்றைய திகதிக்கு அதைக் கூட்டிவர, நெற்வேர்க் வழியாக நேரம் வாங்கும் என்டிபி இருக்கிறதே என்பீர்கள். ஆனால் என்டிபி சேர்வர் மென்பொருள் 1000 வினாடிக்கு மேல், அதாவது 16 நிமிடம் 40 வினாடிக்கு மேல், வித்தியாசம் கண்டால் இங்கே ஏதோ பெரிய கோளாறு என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். தொடங்கும்போது ஒருமுறை மட்டும் அந்த எல்லையைத் தாண்டலாம் என்று ‘மைனஸ் ஜி’ கொடுத்திருந்தால்தான் பாய்ந்து சரி செய்யும். கரண்ட் போய்வந்தபின் நேரம் வரவில்லை என்ற முறைப்பாடுகளில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

இரண்டாவது காரணம் நேர வலயம். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு, உங்களில் இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. 1996இல் மின்சார நெருக்கடி வந்தபோது, மே 25ஆம் திகதி நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருந்தவர்கள் ஆறரைக்குப் போனோம். அந்த வருடம் ஒக்டோபர் 26ஆம் திகதி அரைமணித்தியாலம் பின்வாங்கி ஆறில் நின்றோம். புது நேரமா பழைய நேரமா என்று கேட்காமல் யாரும் கலியாணத்துக்கு முகூர்த்தம் சொன்னதில்லை. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. அவர்கள் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஐந்தரையே ஓடியது. ஏ9 பாதை திறந்த காலத்தில் ஓமந்தையைத் தாண்டியவர்கள் கைக்கடிகாரத்தை அரைமணித்தியாலம் திருப்பிவைக்க வேண்டியிருந்தது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் நாடு முழுக்க மறுபடி ஐந்தரைக்கு வந்தது.

அந்தப் பத்து வருடத்தின் மிச்சம் இன்னும் பெட்டிகளுக்குள் கிடக்கிறது. பழைய மென்பொருளில் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்ற வலயத்தைத் தெரிவுசெய்தால் ஆறு மணித்தியாலம் வரும். மலிவுப் பெட்டிகளில் ஐந்தரை என்ற தெரிவே பட்டியலின் அடியில் ஒளிந்திருக்கும். அப்போது பலர் செய்வது மணிக்கூட்டையே கையால் அரைமணித்தியாலம் இழுத்து வைப்பது. அதைச் செய்யாதீர்கள். என்டிபி கொண்டுவருவது உலகப் பொது நேரத்தை மட்டும்தான். கொழும்பின் ஐந்தரை அதற்குமேல் பெட்டி தானாகக் கூட்டிக்கொள்ளும் கணக்கு. வலயம் பிழை என்றால் வலயத்தைத் திருத்துங்கள். மணிக்கூட்டை அரைமணித்தியாலம் இழுத்தால் 1800 வினாடி பிழை வந்துவிடும். மேலே சொன்ன 1000 வினாடி எல்லையை நீங்களே தாண்டிவிட்டீர்கள். என்டிபி கையை விரித்துவிடும்.

இனி கொடுக்கும் பக்கம். “நாங்கள் யாருக்கும் நேரம் கொடுக்கவில்லையே அண்ணே” என்பீர்கள். நீங்கள் கொடுக்கவில்லை, பெட்டி கொடுத்துக்கொண்டிருக்கும். முதலாளி வீட்டிலிருந்து போனில் படம் பார்க்கவேண்டும் என்கிறார். ஒவ்வொரு போர்ட்டாகத் திறக்கப் பொறுமை இல்லாமல் கமராப் பெட்டியை ரவுட்டரின் டிஎம்இஸட்டுக்குள் தூக்கிப் போடுகிறோம். படம் வருகிறது, காசு வாங்கிக்கொண்டு இறங்குகிறோம். அந்த நிமிடத்திலிருந்து என்டிபி பேசும் யுடிபி 123ஆம் போர்ட்டும் உலகத்துக்குத் திறந்து கிடக்கிறது. உள்ளே பழைய என்டிபி மென்பொருள் ஓடினால், மணி என்ன என்று கேட்பவருக்கு மட்டுமல்ல, வேறு விசாரணைகளுக்கும் அது பதில் சொல்லும்.

அந்த விசாரணைகளில் ஒன்றின் பெயர் மொன்லிஸ்ட். கடைசியாக உன்னோடு பேசிய முகவரிகள் எவை என்று கேட்டால் 600 முகவரிவரை பட்டியல் போட்டுக் கொடுக்கும். பராமரிப்புக்காக வைத்த வசதி அது. கேள்வி சின்னப் பொட்டலம், பதிலோ பொட்டலம் பொட்டலமாக வரும். யுடிபியில் அனுப்புபவர் முகவரியைப் பொய்யாக எழுதலாம். ஆகவே தாக்கவேண்டிய ஒருவரின் முகவரியை அனுப்புநராக எழுதிக் கேள்வியை உங்கள் கடைக்கு அனுப்பினால் போதும், பதில் முழுவதும் அந்த அப்பாவியின் தலையில் கொட்டும். 2014இல் அமெரிக்காவின் கணினி அவசரக் குழு கணக்குப் போட்டபோது இந்தப் பெருக்கம் 556 மடங்குக்கு மேல் என்று வந்தது. அந்த வருடம் பெப்ரவரியில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர்மேல் விழுந்த வெள்ளம் வினாடிக்கு ஏறத்தாழ 400 ஜிகாபிட். அதற்குப் பயன்பட்டவை வெறும் 4529 என்டிபி சேர்வர்கள், 1298 நெற்வேர்க்குகளில் பரந்து கிடந்தவை. அவற்றை வைத்திருந்தவர்களும் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள்தான். இருந்தபடி விட்டார்கள், அவ்வளவுதான்.

இதைத் தடுக்க என்டிபி அமைப்புக் கோப்பில் ஒரே வரி போதும். ரெஸ்ட்ரிக்ட் டிஃபோல்ட் என்று தொடங்கி, கோட், லிமிடெட், நோமொடிஃபை, நோட்ராப், நோபியர், நோகுவெரி என்று போகும் வரி. உங்களில் பலர் இதை எங்கிருந்தோ பிரதி எடுத்து ஒட்டியிருப்பீர்கள். ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் எப்போது சேர்ப்பது, எப்போது எடுப்பது என்றும் தெரியும்.

நோகுவெரி என்றால் மணி கேட்டால் சொல்லு, உன் உள் விபரம் கேட்டால் வாய் திறக்காதே. மொன்லிஸ்ட் கதை இதோடு முடிந்தது. நோமொடிஃபை என்றால் வெளியிலிருந்து உன் அமைப்பை மாற்றச் சொன்னால் கேட்காதே. நோட்ராப் என்பது உன்னிடம் நடப்பதை வேறொருவருக்கு அறிவித்துக்கொண்டிருக்கும் வசதியை மூடுவது. லிமிடெட் என்றால் அளவுக்கு மேல் அடிக்கடி கேட்பவனுக்குப் பதிலை நிறுத்து. கோட் என்பது அப்படி நிறுத்தும்போது ‘போதும், குறைத்துக்கொள்’ என்று இடைக்கிடை ஒரு எச்சரிக்கைப் பொட்டலம் அனுப்புவது. லிமிடெட் இல்லாமல் கோட்டை மட்டும் எழுதுவதில் பலன் இல்லை. நோபியர் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும், பின்னுக்கு வருகிறேன்.

இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. நோசேர்வ் என்றால் மணியே சொல்லாதே. இக்னோர் என்றால் எதற்குமே பதில் சொல்லாதே. பயத்தில் டிஃபோல்ட் வரியில் இக்னோரைப் போட்டுவிட்டு, நேரம் வரவில்லையே என்று தலையைச் சொறிபவர்களைக் கண்டிருக்கிறேன். நீங்கள் நேரம் வாங்கப்போகும் சேர்வரின் பதிலும் வெளியிலிருந்து வரும் பொட்டலம்தான். இக்னோர் அதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும். வாங்கும் இடத்துக்குத் தனி வரி எழுதவேண்டும். கடைக்குள் இருக்கும் மெஷின்களுக்கும் தனி வரி வேண்டும். 192.168.1.0 என்ற உள் நெற்வேர்க்குக்கு நோமொடிஃபை, நோட்ராப், நோபியர் மட்டும் போட்டால் கமராவும் பில் மெஷினும் மணி கேட்கலாம், உங்கள் மடிக்கணினியிலிருந்து நிலைமையும் பார்க்கலாம், அமைப்பை மாற்றமுடியாது. தன்னைத்தானே பார்க்க 127.0.0.1க்குத் தடையில்லாத ஒரு வரி. ஐபிவி6க்கும் இதே ஏற்பாடு முழுவதும் வேண்டும். அதை மறந்துவிட்டு ஐபிவி4ஐ மட்டும் பூட்டினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

கொடுப்பவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். 2003 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக நேரச் சேர்வரை நெட்கியர் கம்பெனியின் வீட்டு ரவுட்டர்கள் சூழ்ந்துகொண்டன. அந்தச் சேர்வரின் முகவரியை ரவுட்டருக்குள் நிரந்தரமாக எழுதிவைத்திருந்தார்கள். பதில் கிடைக்காவிட்டால் வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும் பிழையும் அதனுள் இருந்தது. ஜூனில் வினாடிக்கு 250,000 பொட்டலங்கள் வந்து விழுந்தன. தடுத்தால் பதில் போகாது, பதில் போகாவிட்டால் ரவுட்டர்கள் இன்னும் வேகமாகக் கேட்கும். தன் கதவை மூடுவதே தன்னைக் கொல்லும் நிலை.

அடுத்தது டென்மார்க். போல்-ஹென்னிங் காம்ப் என்பவர் டென்மார்க்கின் இணைய இணைப்பு நிலையத்தில் சேர்ந்திருக்கும் நெற்வேர்க்குகளுக்கு மட்டும் என்று ஒரு முதல்நிலை நேரச் சேர்வர் நடத்தினார். யார் கேட்கலாம் என்ற நிபந்தனையைப் பொதுப் பட்டியலில் தெளிவாக எழுதியும் வைத்திருந்தார். டி-லிங்க் கம்பெனி அதைப் பொருட்படுத்தாமல் தன் ரவுட்டர்களுக்குள் அவர் முகவரியைப் போட்டது. வந்து விழுந்த பொட்டலங்களில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ரவுட்டர்களுடையவை. கம்பெனியோடு பேசிச் சலித்தவர் 2006 ஏப்ரலில் ஒரு திறந்த மடல் எழுதினார். அந்த மாதமே இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன. நாம் இங்கே புது நேரத்தை விட்டுப் பழைய நேரத்துக்குத் திரும்பிய அதே மாதம் அது. இரண்டு கதைகளின் பாடமும் ஒன்று. ஒரு சேர்வர் பதில் சொல்கிறது என்பதால் அது உங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டது என்று ஆகாது. எங்கோ பட்டியலில் கண்ட முதல்நிலைச் சேர்வரின் முகவரியை 40 கடைக்கும் ஒட்டுவது அந்த ரவுட்டர் கம்பெனிகள் செய்த அதே காரியம்தான், அளவுதான் சின்னது. பொதுவுக்கென்றே திறந்துவைத்த என்டிபி பூல் இருக்கிறது, அதில் இலங்கைக்கென்று ‘எல்கே’ வலயமும் இருக்கிறது. இலங்கையின் நியம நேரத்தைப் பேணுவது ஹோமாகமவில் இருக்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம். அக்கரையில் இந்திய அரசு 2022 ஏப்ரல் 28ஆம் திகதி இட்ட கட்டளையில், நிறுவனங்கள் தங்கள் கருவிகளின் நேரத்தைத் தேசிய தகவல் மையத்தின் சேர்வரோடோ தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சேர்வரோடோ இணைக்கவேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். நமக்கு அப்படி யாரும் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இப்போது மூன்றாவது உறவு, பியர். சேர்வர் என்று எழுதினால் நீங்கள் அவர் பின்னால் போகிறீர்கள், அவருக்கு உங்களைப் பற்றிக் கவலையில்லை. பியர் என்று எழுதினால் இரண்டு பேரும் சமம். எவர் அந்த வேளையில் நேர மூலத்துக்கு நெருக்கமாகவும் நம்பிக்கையாகவும் இருக்கிறாரோ அவர் மற்றவரைத் திருத்துவார். ஒருவருடைய வெளி இணைப்பு அறுந்தால் மற்றவர் தாங்கிப் பிடிப்பார். செட்டியார் தெருவில் நம்மிடம் இல்லாத ஒரு டிசைன் சங்கிலியைப் பக்கத்துக் கடையில் வாங்கிவந்து வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல. துண்டுச்சீட்டுக்கூட இல்லாமல் சங்கிலி கை மாறும், ஆனால் தெருவில் போகிற யாரோ வந்து கேட்டால் எந்தக் கடையும் எடுத்துக் கொடுக்காது.

நோபியர் என்ற சொல்லின் வேலை இதுதான். முன்பின் தெரியாத ஒருவர் ‘நானும் நீயும் சமம்’ என்று பொட்டலம் அனுப்பினால், இரு பக்கமும் தெரிந்த இரகசியச் சாவியைக் காட்டாதவரோடு புதிய உறவு தொடங்காதே என்கிறது. சாவிச் சோதனைதான் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். 2015 ஒக்டோபரில் என்டிபி மென்பொருளில் ஒரு ஓட்டை வெளிவந்தது. சாவி பிழை என்று சொல்வதற்கென்றே இருந்த ஒருவகைப் பொட்டலத்தை அனுப்பினால், சாவியே இல்லாதவர் சமமானவராக உள்ளே நுழைந்து நேரத்தை மாற்றலாம் என்று தெரியவந்தது. 4.2.8பி4 பதிப்பில் அதை அடைத்தார்கள். ஒரு பூட்டை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்பதுதான் அதன் பாடம்.

நோபியரால் ஒரு தலையிடியும் உண்டு. பூல் என்ற கட்டளையில் நேரம் வாங்கும்போது சேர்வர்களை மென்பொருள் தானே தேடிப் புதிய உறவுகள் தொடங்கும். டிஃபோல்ட் வரியில் இருக்கும் நோபியர் அதையும் தடுத்துவிடும். அதனால் ரெஸ்ட்ரிக்ட் சோர்ஸ் என்று இன்னொரு வரி எழுதி, அதில் நோமொடிஃபை, நோட்ராப், நோகுவெரி மூன்றையும் மட்டும் போடுங்கள், நோபியரை விட்டுவிடுங்கள். நேரம் வராததற்குப் பழியை ரெலிகொம்மேல் போடுமுன் இந்த வரியைப் பாருங்கள்.

செட்டியார் தெருவில் தலைக்கடையும் வெள்ளவத்தையில் கிளையும் உள்ள முதலாளிக்கு இரண்டு இடத்து நேரக் காப்பாளர்களையும் பியராக இணைப்பது நல்ல ஏற்பாடு. மூன்று விடயம் கவனியுங்கள். முதலாவது, சாவி இல்லாமல் பியர் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே இலக்கம், ஒரே இரகசியம். பழைய எம்டி5ஐ விட்டு ஏஇஎஸ் வகைச் சாவி போடுங்கள். சாவிக் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். இரண்டாவது, இரண்டு பேரும் மேலே ஒரே சேர்வரிடம் வாங்கினால் பியராக இருந்தும் பிரயோசனம் இல்லை. அந்த ஒருவர் பிழைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து பிழைப்பார்கள், ஒருவரை ஒருவர் சரி என்றும் சொல்லிக்கொள்வார்கள். மூன்றாவது, பழைய என்டிபி மென்பொருளுக்குப் பதிலாக க்ரோனி என்ற மென்பொருளைப் பாவித்தால் பியருக்குப் பதிலாக இரண்டு பக்கமும் மற்றவரைச் சேர்வர் என்று எழுதுங்கள். பாதுகாப்புக்கு அதுதான் மேல் என்று க்ரோனியின் கையேடே சொல்கிறது.

மூலங்கள் வேறுவேறாக இருக்கவேண்டும் என்பதற்கு 2012 நவம்பர் 19ஆம் திகதியை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் நேரச் சேர்வர்கள், டிக் என்றும் டொக் என்றும் பெயர் கொண்டவை, அன்று கொஞ்ச நேரம் 2000ஆம் ஆண்டு என்று சொன்னன. அவற்றை மட்டும் நம்பியிருந்த நிறுவனங்களின் நெற்வேர்க்குகள் குழம்பின. இரண்டு பேரை நம்பியிருந்தோமே என்று சொல்லமுடியாது, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரு சேர்வர் மட்டும் இருந்தால் அது சொல்வதே நேரம். இரண்டு இருந்து முரண்பட்டால் எது சரி என்று தெரியாது. புது நேரமும் பழைய நேரமும் பத்து வருடம் ஓடியபோது இந்தத் தீவில் இருந்த நிலைமை அது, கேட்டுத் தீர்க்க மூன்றாவது ஆள் இல்லை. மூன்று இருந்தால் ஒன்று பொய் சொன்னாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். அதில் ஒன்று விழுந்தாலும் மூன்று மிஞ்சவேண்டும் என்பதால்தான் 2019இல் வந்த என்டிபி நடைமுறை ஆவணம் நான்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

உங்கள் வாயில் வரும் கேள்விகள் எனக்குத் தெரியும். “சின்னக் கடைக்கு இவ்வளவு வேண்டுமா அண்ணே?” சின்னக் கடைக்கு வேலை குறைவு. அது நேரம் வாங்கினால் மட்டும் போதும், வெளியே யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், யாருக்கும் சமமாக நிற்கவும் வேண்டாம். வாங்குவதற்கு 123ஆம் போர்ட்டைத் திறக்கத் தேவையே இல்லை. உள்ளிருந்து போகும் கேள்விக்கு வரும் பதிலை ரவுட்டர் தானாக உள்ளே விடும். “புது லினக்ஸில் எல்லாம் க்ரோனிதானே?” பலவற்றில் உண்மைதான். ரெட்ஹாட் 8, 2019இல் வந்தபோதே பழைய என்டிபியைக் கைவிட்டுவிட்டது. க்ரோனியில் அலோ என்று நீங்கள் எழுதாதவரை யாருக்கும் நேரம் போகாது. அது நல்ல குணம். ஆனால் கமராப் பெட்டிக்குள் இருப்பது புது லினக்ஸ் அல்ல, முதலாம் குறுக்குத் தெருவில் எப்போதோ வாங்கிய பெட்டி. அதன் உள்ளே என்ன ஓடுகிறது என்று விற்றவருக்கும் தெரியாது. அதனால்தான் அதை வெளியே தெரியவிடாமல் வைக்கச் சொல்கிறேன். “படம் வருகிறதே, முதலாளி எதற்கு இதற்குக் காசு தருவார்?” பொலிஸில் நின்று கமரா நேரத்துக்கும் பில் நேரத்துக்கும் விளக்கம் சொல்லும் நாளில் தருவார். அதற்குமுன் தரவைப்பது உங்கள் வேலை.

ஒவ்வொரு கடையிலும் நீங்கள் செய்யவேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஒன்று. கடைக்குள் ஒரேயொரு மெஷினை நேரக் காப்பாளராக வையுங்கள். அது மட்டும் வெளியே நான்கு மூலங்களிடம் வாங்கட்டும். கமராவும் பில் மெஷினும் அதனிடம் மட்டும் வாங்கட்டும். கார்ட் மெஷின் வங்கியின் சொத்து, அதைத் தொடவேண்டாம். மற்ற இரண்டும் சரியாக இருந்தால் அதோடு தானாகப் பொருந்தும்.

இரண்டு. டிஎம்இஸட்டிலிருந்து கமராப் பெட்டியை எடுங்கள். படத்துக்கு வேண்டிய போர்ட்டை மட்டும் திறவுங்கள், அல்லது விபிஎன் போடுங்கள். 123 வெளியே தெரியக்கூடாது.

மூன்று. வலயத்தை ஐந்தரையில் வையுங்கள். பெட்டியின் பட்டியலில் ஐந்தரை இல்லை என்றால் அந்தப் பெட்டியை வாங்கவேண்டாம் என்று முதலாளிக்குச் சொல்லுங்கள்.

நான்கு. பெட்டிக்குள் இருக்கும் காசு பற்றரியை மாற்றுங்கள். வைத்த திகதியை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள்.

ஐந்து. இறங்குமுன் என்டிபிகியூ மைனஸ் பி அடித்துப் பாருங்கள். வரிசையாகச் சேர்வர்கள் வரும். பெயருக்கு முன்னால் நட்சத்திரம் இருப்பவர்தான் இப்போது பின்பற்றப்படுபவர். கூட்டல் குறி உள்ளவர்கள் நம்பத்தகுந்த மற்றவர்கள். எக்ஸ் விழுந்தவர் மற்றவர்களோடு ஒத்துப்போகாத பொய்யர். ரீச் என்ற நிரலில் 377 நின்றால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது. அது எட்டை அடியாகக் கொண்ட முறையில் எழுதப்படும் எண். 0 நின்றால் பொட்டலம் வரவேயில்லை, பெரும்பாலும் உங்கள் சொந்த ரெஸ்ட்ரிக்ட் வரிதான் வழிமறித்திருக்கும். பொருத்தியவுடனே பார்க்காதீர்கள். தொடங்கியதும் 1 நிற்கும், பிறகு 3, 7, 17 என்று ஏறும். 377 வரும்வரை இருந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் பாருங்கள்.

உங்களில் சிலருக்கு நிரந்தர முகவரியும் நல்ல இணைப்பும் உள்ள சேர்வர்கள் கையில் இருக்கின்றன. உங்களிடம் வேறொரு கோரிக்கை. மேலே சொன்ன கட்டுப்பாடுகள் எல்லாம் போட்டுவிட்டு அந்தச் சேர்வரைப் பூலின் எல்கே வலயத்தில் சேருங்கள். இத்தனை காலம் ஊர் உலகத்திடம் இலவசமாக நேரம் வாங்கினோம். மணி கேட்டால் மட்டும் சொல்லும், வேறெதற்கும் வாய் திறக்காத ஒரு சேர்வரை இந்தக் கொழும்பிலிருந்து திருப்பிக் கொடுப்பது நமக்கும் மரியாதை.

கடைசியாக, நீங்கள் முதலாளியிடம் கொடுக்கும் பில்லில் கமரா எத்தனை, கேபிள் எத்தனை மீற்றர் என்று எழுதுகிறீர்கள். இனி அதற்குக் கீழே மூன்று வரி சேருங்கள்: நேரம் வாங்குவது யாரிடம், கொடுப்பது யாருக்கு, சமமாக இணைத்திருப்பது எந்தக் கிளையோடு. மூன்றாவதில் ‘யாரோடும் இல்லை’ என்று வந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். அடுத்த முறை வேறொரு பிள்ளை அந்தக் கடைக்கு ஏணி போட்டு ஏறும்போது, அந்த மூன்று வரியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஜிந்துப்பிட்டியில் குடியிருக்கும், நெற்வேர்க் தொழிலில் உங்களுக்கு முன்னே வந்த ஒருவர்
கொழும்பு 13